மேட்டு உச்சிப் பஞ்சர்

"யோவ், உன் ஒருத்தனால இருபது பேர் வெயில்ல காயணுமா?"

கத்தினது நான்தான். பின்னே, எத்தனை வாரத்துக்குத்தான் பொறுத்துக்கிறது?

தையல்காரர் ரோட்டோரமா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் ட்யூப்.

"இதோ ஆச்சுண்ணே. அஞ்சே நிமிஷம்." சிரிக்க வேற செய்றார்!

எங்களோடது ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு. காலையில கிளம்பி, தண்ணித்தொட்டி மேடு ஏறி, நாற்பது கிலோமீட்டர் சுத்திட்டு வருவோம். தலைவர் டிரில் மாஸ்டர். அவர் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு.

"பஞ்சர்னா எல்லாரும் நிக்கணும். கால் வலி, களைப்புன்னா யாருக்காகவும் நிக்க மாட்டோம். பின்தங்கினவங்க அப்படியே வீட்டுக்குத் திரும்பிடணும்."

எனக்கு வீட்டுலயும் ஒரு சட்டம் உண்டு. முழங்கால் ஆபரேஷன் ஆனதும் என் சம்சாரம் கறாரா சொல்லிட்டா.

"கூட்டத்தோட போய், கூட்டத்தோட வாங்க. ஒருநாள் தனியா திரும்பி வந்தீங்க, அன்னைக்கே சைக்கிளை எடைக்குப் போட்டுடுவேன்."

சொன்னா செய்யறவ. சைக்கிள் போச்சுன்னா என் உசுரே போன மாதிரி.

ஆனா ஒரு வாரமாவது நான் தனியா திரும்பியிருப்பேனா? ஊஹூம்! அறுபது வயசுல, இருபது பேரோட சரிக்குச் சரியா போய்ட்டு வரேன். பெருமையா இருக்காதா?

அந்தப் பெருமையை அனுபவிக்க விடாம, வாராவாரம் இந்த மனுஷனுக்குப் பஞ்சர்.

வேகமா போகணும்னு அந்த பிளாஸ்டிக் ட்யூபை வாங்கிப் போட்டிருக்கார். வத்திப்பெட்டி கனம்கூட இருக்காது. அதுக்கு சாதாரண ரப்பர் சொல்யூஷன் ஒட்டாதாம். ஸ்பிரிட்டால துடைக்கணும், காயணும், கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு பேட்சை ஒட்டணும், கட்டைவிரலால அழுத்திக்கிட்டே அஞ்சு நிமிஷம் உட்காரணும். அந்த அஞ்சை இவர் பதினஞ்சாக்குவார்.

"மாத்துறதுக்கு வேற ட்யூப் கொண்டு வரக் கூடாதா?"

"மறந்துட்டேண்ணே."

போன வாரமும் இதே பதில்தான்.

நேரா டிரில் மாஸ்டர்கிட்ட போனேன்.

"மாஸ்டர், அடுத்த வாரம் நூறு கிலோமீட்டர் போறோம். இவரைக் கழட்டி விட்டுடலாம். மத்தவங்களுக்கு இவர் பாரம்."

மாஸ்டருக்குத் திடீர்னு இருமல் வந்துடுச்சு. பக்கத்துல தண்ணி குடிச்சுக்கிட்டிருந்த கம்பவுண்டருக்குப் புரையேறிடுச்சு.

"நீங்களா சார் சொல்றீங்க?"ன்னார் மாஸ்டர்.

"யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்?"

சொல்லிட்டேனே தவிர, மனசு கேக்கல. பாவம், பிள்ளைகுட்டிக்காரர். ஊர் திரும்பினதும் அவர் வண்டியோட முன்சக்கரத்தைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டேன்.

"ஐயோ, வேண்டாண்ணே! நானே பார்த்துக்கிறேன்!"

"நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே. நான் சரிபண்ணித் தரேன். சும்மா இரு."

நேரா சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். கடை நடத்துற அம்மா ட்யூபை வெளியே எடுத்து, ரெண்டே ரெண்டு தடவை பம்ப் அடிச்சாங்க.

"அவ்வளவுதானா?"

"இதுக்கு மேல ஊதக்கூடாது சார். டயருக்கு வெளியே இருக்கும்போது நிறைய காத்தடிச்சா பெருத்துடும். அப்புறம் பழைய அளவுக்கு வராது."

தண்ணித் தொட்டியில முக்கிச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. ஒரு குமிழ்கூட வரல.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"நல்லாவா? பதினோரு பேட்ச் இருக்கும்மா!"

அந்த அம்மா ட்யூபை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க. முகத்துல ஒரு சிரிப்பு.

"இந்தப் பேட்ச் வழியா அடியில இருக்கிறது தெரியும் சார். இதோ, இது ஒண்ணுலதான் முள் குத்தின தடம் இருக்கு. மீதி பத்துக்கும் அடியில ஓட்டையே கிடையாது. சட்டைக்குப் பட்டன் வைக்கிற மாதிரி, சமமா இடம் விட்டு ஒட்டியிருக்கார்."

"அவனுக்கென்ன பைத்தியமா? நல்ல ட்யூப்ல எவனாவது பேட்ச் ஒட்டுவானா?"

"எந்த இடத்துல சார் பஞ்சர் ஆகும்?"

"மேட்டு உச்சியில. எப்பவும் அங்கேயேதான்."

"அந்த மேட்டுல கடைசியா ஏறி வர்றது யாரு?"

"நான்தான்." சொன்னதுக்கு அப்புறம்தான் என் முழங்காலைக் குனிஞ்சு பார்த்தேன்.

பத்து வாரம்! காத்தை இறக்கிட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த வசவையெல்லாம் வாங்கிக்கிட்டு இருந்திருக்கார் மனுஷன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஆனா வீடு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நூறு கிலோமீட்டர். மூச்சு முட்ட மேடு ஏறிப் போனேன். எல்லாரும் வண்டியைச் சாய்ச்சுட்டு நின்னாங்க. நடுவுல சம்மணம் போட்டு, மடியில ட்யூபோட தையல்காரர்.

என் வாயிலிருந்து என்ன வரப்போகுதுன்னு இருபது பேரும் என்னையே பார்த்தாங்க.

நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டுட்டு, மெதுவா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு, அவர் பக்கத்துல உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, இன்னைக்குத் திட்டலையா?"

"இன்னும் ரெண்டு பேட்ச் சேர்த்து ஒட்டு தம்பி, எனக்கு மூச்சு வாங்குது."