கில்ஜாவின் மொட்டை

கில்ஜா மொட்டைத் தலையோடு வந்து கடையைத் திறந்ததைப் பார்த்து, எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்த மூன்று பேர், வந்த பஸ்ஸைக் கோட்டை விட்டார்கள்.

பின்னே? அவள் விற்பதே டோப்பா. சிகாகோவில் கறுப்பர்கள் வாழும் அந்தத் தெருவில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் கொரியாக்காரி. எவனுக்காவது வழுக்கை விழப்போகிறதென்றால் முதல் சேதி அவளுக்குத்தான் போகும் என்பார்கள்.

பத்து மணிக்கெல்லாம் டிவி வேன் வந்துவிட்டது. நிருபர் ஹோவர்டும் கொரியாக்காரன்தான். அவர்கள் ஊரில் மொட்டையடித்துக்கொண்டு பொதுவில் வந்து நின்றால் அது போராட்டம் என்று அவனுக்குத் தெரியும். போன மாதம் இப்படித்தான், வேறொரு கொரியாக்காரர் கடையில் கறுப்பர் ஒருவரோடு நடந்த தள்ளுமுள்ளை அவன் டிவி ஒரு வாரம் ஓட்டியது. அப்புறம் அந்தக் கடைக்கு ஈ, காக்கை வரவில்லை.

இன்றும் சண்டை தேடி வந்தது. பக்கத்து அழகு நிலையத்து வெர்டெல், ஆறடி உயரக் கறுப்புக்காரி, கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தாள்.

"யாருடி உன்னை இப்படிப் பண்ணச் சொன்னா? உன்கிட்ட இருந்த ஒரே அழகு அந்த முடிதான். அதையும் வழிச்சிட்டு வந்து நிக்கிறியே, கிறுக்கி."

"என் தலை. உனக்கென்ன?"

கூட்டம் கூடியது. நேரலை. ஹோவர்டின் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் செய்தி ஆசிரியர் குதித்தார். கறுப்பர்களை எதிர்த்துத்தான் மொட்டை என்று அவள் வாயாலேயே வரவழைக்கச் சொன்னார்.

ஹோவர்ட் மைக்கை நீட்டினான். "இது போராட்டம்தானே, அம்மா?"

"ஆமா."

கூட்டம் முறைத்தது. முப்பது வருஷக் கடை அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

"யாரை எதிர்த்து?"

கில்ஜா வெர்டெலைப் பார்த்தாள். வெர்டெல், தெருவில் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வதுபோல, தன் சுருட்டை முடியை இரண்டு கையாலும் தூக்கி எடுத்தாள். டோப்பா. அடியில் ஒரு முடிகூட இல்லை.

மேலே போன விமானம்கூட ஒரு நொடி நின்றுதான் போனது என்று அந்தத் தெருக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

"இவ மார்புல வந்திருக்கே கட்டி, அதை எதிர்த்துத்தான் தம்பி," என்றாள் கில்ஜா. "அது போற வரைக்கும் எனக்கும் முடி கிடையாது."