கருநீலச் சட்டை

“இந்த மாவுதான் உங்க தலையைத் தின்னுது. எத்தனை தடவைங்க சொல்றது?”

தலையணை உறையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உதறிக்கொண்டே கேட்டாள் மனைவி. பட்டிக்காரன் காதுக்குப் பின்னால் களிம்பு தடவிக்கொண்டிருந்தான்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரில் வெள்ளை மாவைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவன் தொழில். பட்டி பார்ப்பது என்பார்கள். அதனால் தெருவுக்கே அவன் பட்டிக்காரன்.

தலை முழுக்க சொரியாசிஸ். கல்யாணத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்த விருந்தாளி, இன்னும் கிளம்புகிற வழியைக் காணோம். செதில் இளக ராத்திரி எண்ணெய், காலையில் தார் வாடை அடிக்கும் ஷாம்பு, நுரையோடு கொஞ்ச நேரம் உட்காரவேண்டும், நகம் படக்கூடாது. எல்லாம் அவள் கைதான் செய்கிறது. கொஞ்சம் அடங்கும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நெற்றியோரம் மறுபடி சிவக்கும்.

அவளுக்கு அலுத்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு அனுப்பினால், சாயங்காலம் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தவன் மாதிரி வந்து நிற்கிறார் மனுஷன். தூசி ஆகாது என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது.

“எங்கண்ணன் யார் யார்கிட்டயோ கெஞ்சி வாங்கின வேலை. ஏசி ரூம். வர்றவங்களுக்கு வீட்டோட மாடலைக் காட்டிப் பேசணும், அவ்வளவுதான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“பாக்கலாம்.”

“துணிக்கடை வேலையையும் இப்படித்தான் விட்டீங்க. ஏன்னு கேட்டா இதுவரைக்கும் வாயைத் திறக்கல.”

அவன் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு நழுவினான். திருப்பிக் கத்துகிற ஆளாக இருந்தால்கூட அவளுக்குத் தேவலை. இந்த ‘பாக்கலாம்’ இருக்கிறதே, அதோடு யார் சண்டை போடுவது?

நாற்காலியில் அந்த அலுவலகத்தின் சீருடைச் சட்டை கிடந்தது. நல்ல கருநீலம். அண்ணன் நேற்று உறை பிரிக்காமல் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது உறை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், பொத்தான்கள் அவிழ்ந்து கிடந்தன. ஆசை இல்லாமலா போட்டுப் பார்த்திருக்கிறார் என்று அவளுக்குத் தெம்பு வந்தது. வழக்கம்போலத் தோள் பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

பாதி முடிந்த அடுக்குமாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் கண் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாளால் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்க வெள்ளைப் புழுதி.

ஜன்னலோரம் அவன் முதுகு தெரிந்தது. நேராகப் போய்ப் பின்னால் நின்றாள்.

“திரும்பாதீங்க. உங்க முகத்தைப் பாத்தா எனக்குக் கோபம் போயிடும். தினம் உங்க தலையோட நான் மல்லுக்கட்டறது இந்தக் கோலத்துல வந்து நிக்கறதுக்கா? என்மேல கொஞ்சமாவது இரக்கம் இருந்தா இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு இப்பவே ஆபீசுக்குக் கிளம்புங்க.”

கரகர சத்தம் மொத்தமும் நின்றது. உருவம் மெதுவாகத் திரும்பியது. புருவம் வரைக்கும் வெள்ளை. நடுவில் முறுக்கிய மீசை. அவள் கணவனுக்கு மீசையே கிடையாது.

“எனக்குச் சம்மதம்தாம்மா. எந்த ஆபீஸ்னு மட்டும் சொல்லுங்க” என்றார் மீசைக்காரர்.

கூடமே அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் தலையிலிருந்து பொலபொலவென்று மாவு உதிர்ந்து எல்லார் தோளிலும் விழுந்தது. ஒருவரும் தட்டிவிடவில்லை.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மானம் போயிற்று. ஒவ்வொரு முகமாகத் தேடினாள். எல்லாத் தலையும் ஒரே வெள்ளை, எல்லாத் தோளும் ஒரே வெள்ளை. இத்தனை வருஷமாகத் தன் விரல் அலைந்த தலை இதில் எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து ஏணியில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் இறங்கி வந்து எதிரில் நின்ற பிறகுதான் தெரிந்தது. வீட்டில் அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அவன் அவள் பையிலிருந்த சட்டையை நுனி விரலால் எடுத்து வெளிச்சத்தில் விரித்தான். கழுத்துப்பட்டியின் மடிப்பில் வெள்ளைச் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கருநீலத்தில் பளிச்சென்று தெரிந்தன.

“காலையில ரெண்டு நிமிஷம்தான் போட்டிருந்தேன்” என்றான் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் சட்டையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கூடத்தைப் பார்த்தாள்.

அவன் சட்டையை மடித்து அவள் கையில் கொடுத்தான்.

“இங்கே உன்னாலயே என்னைக் கண்டுபிடிக்க முடியல, பாத்தியா?”