திருத்திய அறிக்கை

நாலாவது முறையாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். புற்று இல்லை.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், திசுச் சோதனை டாக்டராகப் புற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

லென்ஸுக்குக் கீழே பெரிய தசை அணுக்கள் சாவகாசமாகக் கிடந்தன. குறுக்கே மெல்லிய கோடுகள். வளர்ந்து முடிந்த தசை. ஓர் அணுகூட இரண்டாகப் பிரிந்து பெருகவில்லை.

பெண்ணின் பிறப்புறுப்பில் இப்படியொரு சாதுக் கட்டி வருவது அபூர்வம். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம். பரீட்சைக்கு வராது என்று அந்த அரைப் பக்கத்தைத் தள்ளிவிட்டிருந்தாள்.

அன்று ஏமாற்றியது சீட்டு. கட்டியோடு வந்த சீட்டில் சர்ஜன் செல்வின் 'புற்று' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். சீட்டைப் படித்துவிட்டுத்தான் ஸ்லைடைப் பார்ப்பாள். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். சீட்டில் இருப்பது ஸ்லைடிலும் தெரிந்துவிடும். சாதுக் கட்டியைப் புற்று என்று நம்பிவிட்டாள்.

அறுவைக்கு முந்தின நாள் ஸ்லைடைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. யாரும் மதிப்பதில்லை. இன்று ஏனோ மதித்தாள். இந்த முறை சீட்டு கையில் இல்லை, ஆபீஸ் கோப்பில் கிடந்தது.

நாளைக் காலை ஏழரைக்கு அறுவை. கருப்பை, யோனி, கூடவே மூத்திரப்பை, எல்லாம் போகும். அப்புறம் மூத்திரம் வடிய ஆயுசுக்கும் வயிற்றில் ஒரு பை.

பெயர் முப்பிடாதி. வயது நாற்பத்தொன்று.

திருத்திய அறிக்கையைச் செல்வின் வாங்கக்கூட இல்லை.

"வீட்டுக்காரங்ககிட்ட கேன்சர்னு சொல்லியாச்சு. இப்பப் போய் இல்லைன்னா என் மூஞ்சில காறித் துப்புவாங்க. உனக்குச் சந்தேகமா இருந்தா, நாளைக்கு எல்லாத்தையும் வெட்டி அனுப்புறேன். சாவகாசமா உக்காந்து பாரு."

வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அவளுக்கே உரியது. அது அவளுக்கும் தெரியும்.

படியேறினாள்.

பதினோரு வருஷத்தில் அவள் வார்டுக்குப் போனதில்லை. நோயாளிகள் அவளிடம் துண்டு துண்டாகத்தான் வருவார்கள். முழுசாக ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை வெயிலில் கறுத்த, பீடி இலை வெட்டிக் காய்த்துப்போன கைகள்.

"உங்களுக்குப் புற்றுநோய் இல்லம்மா. சாதாரண சதைக்கட்டி. அத மட்டும் எடுத்தாப் போதும். பெரிய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீங்க."

முப்பிடாதி சிரிக்கவில்லை. கும்பிடவில்லை.

"நா போறதுக்குள்ள கலியாணத்தப் பாத்துரணும்னு மவ படிப்ப நிறுத்தி, போன நாயித்துக்கெழமதான் கெட்டிக் குடுத்தேன்."

முப்பிடாதி தன் கைகளைப் பார்த்தாள்.

"காலைப் புடிச்சு அழுதா. படிக்கணும்னு. அடிச்சுல்லா மணையில உக்கார வச்சேன்."

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இருக்குன்னு எழுதுன மூதேவி யாரு?" முப்பிடாதி கேட்டாள்.

செல்வின் பெயரைச் சொல்லலாம். சீட்டைச் சொல்லலாம்.

அவள் நாற்காலியை இழுத்து, முப்பிடாதியின் கை எட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். "நான்தாம்மா எழுதுனேன்."