பத்தாவது தப்படி

1957 மே 19, ஞாயிற்றுக்கிழமை மாலை, வற்றிக் கிடந்த உத்திரமேரூர் ஏரிக்குள் உள்ளூருக்கும் பழையசீவரத்துக்கும் நடந்த அந்த ஆண்டின் கடைசிக் கால்பந்து ஆட்டம், கடைசி நிமிடத்தில் உள்ளூர் அடித்த ஒரே கோலோடு முடிந்தது. கோப்பை யாருக்கு என்பது மட்டும் முடியவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் உள்ளூர் வேதகிரியின் குரல்தான் ஓங்கியிருந்தது.

"கம்பத்துக்கு உள்ளதான் போச்சு! ஆட்டம் முச்சூடும் நான் அந்தக் கம்பத்தாண்டயே நின்னுக்கினு இருந்தேன். என் கண்ணு இன்னா பொட்டையா?"

இதற்காகவே முதல் பஸ்ஸில் வந்திறங்கிய பழையசீவரம் ராஜாராம் விடவில்லை. "எட்டுத் தப்படி அளந்து அந்த மூங்கில நட்டவனே நான்தான்யா. பந்து பத்தாவது தப்படில போச்சு. அது கோலுன்னா, பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் கோலுதான்!"

"தோத்தவன் பேச்சு அப்படித்தான் கீது. எங்கூருக்கு இதான் மொதக் கோப்பை. உடமாட்டேன்!"

நடுவராக இருந்த தானியேல் வாத்தியார் எழுந்தார். "வாங்கய்யா, அளந்தே பாத்துடலாம்."

ஏரிக்குள் கம்பங்கள் அப்படியே நின்றன. ராஜாராம் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை அளந்தான். சரியாகப் பத்துத் தப்படி. எட்டாவது தப்படியில் ஒரு வெறுங்குழி. குழியிலிருந்து கம்பம்வரை எருமைக் குளம்புத் தடம். கம்பத்தின் அடியில் மாடு கட்டும் தும்புக் கயிறு அறுந்து கிடந்தது.

"எருமை புடுங்கிக்கினு போன கம்பத்த எவனோ அவசரத்துல நட்டு வெச்சிருக்கான்," என்றார் வாத்தியார். "யார் வூட்டு எருமை?"

வேதகிரி அறுந்த கயிற்றைக் காலால் மெல்லக் குழிக்குள் தள்ளினான்.

அடுத்த ஞாயிறு மறு ஆட்டம் நடந்தது. பழையசீவரம் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றது. வேதகிரி இந்தத் தடவை தன் எருமையை வீட்டிலேயே கட்டிவிட்டு வந்திருந்தான்.