வந்த காரணம்

"சாகணும்போல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன், டனிகா," என்று அவசரப் பிரிவு நர்ஸ் பெவர்லி கிசுகிசுத்தாள்.

"மாட்டேன்."

"போன குளிர்ல நாலு தடவை சொன்னியே!"

"அப்போ நிஜமாவே தோணுச்சு, பெவ்."

"சரி, குடிச்சிருக்கேன்னாவது சொல்லித் தொலை."

டனிகாவுக்குச் சிரிப்பு வந்தது. ஹோபார்ட் நகரத்து மழையில் நனைந்த காலுறைக்குள் விரல்கள் விறைத்திருந்தன. பொய்யைச் சொல்லிவிடலாம். சொன்னால் தன் மனமே அதை நம்பிவிடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

அவள் ஒரு சீட்டை நீட்டினாள். "குடிநோய் மையத்துல இன்னிக்குக் காலைல அனுப்பிட்டாங்க. தொண்ணூறு நாளா ஒரு சொட்டு தொடல. முழு குணமாம். போறதுக்கு வீடுதான் இல்ல."

பெவர்லி சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அதனாலதான்டி கெஞ்சுறேன். நோய் இருந்தாத்தான் இங்க கட்டில்."

"அப்போ படிவத்துல 'வந்த காரணம்'னு இருக்கிற இடத்துல உள்ளதையே எழுது. வாழணும்னு வந்தவளை இடமில்லைன்னு அனுப்பிட்டோம்னு எழுது."