உறையில்லாத சோபா

பகல் முழுக்கக் கரும்பு வெட்டிய பாஸ்குவாலுக்கு இடுப்பு நிமிரவே இல்லை. வெட்டுமுன் தோகை எரியக் கொளுத்திய கரும்பின் கரி சட்டையிலும் கழுத்திலும் அப்பியிருந்தது. அந்தக் கோலத்திலேயே அவனைச் சான் பெத்ரோ ஊர்க் கடைத்தெருவிலிருந்த சோபாக் கடைக்கு இழுத்து வந்திருந்தாள் மனைவி ஒலிம்பியா.

“உக்காருய்யா. இடுப்புக்குத் தோதா இருக்கான்னு நீதான் சொல்லணும்.”

“குளிச்சிட்டு நாளைக்கு வர்றேனே. சோபா கரியாயிடும்.”

“ஆகட்டும்.”

அவன் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பிளாஸ்டிக் உறை நறநறத்தது.

“அந்த உறையைக் கிழிச்சுப் போடுங்க” என்றாள் கடைக்காரரிடம்.

அவர் பதறினார். “என்னக்கா இது! விருந்தாளி வந்தாக்கூட நம்ம ஊர்ல உறையக் கழட்ட மாட்டாங்களே!”

“இது விருந்தாளிக்கு இல்ல, இவருக்கு.”

உறை போனதும் பாஸ்குவால் மெல்லச் சாய்ந்தான். கண்கள் தாமாக மூடின.

“உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்க்கா. கல்யாணமாகி எத்தன வருஷமாச்சு?”

“போன மாசம்தான்.”

“புது மாப்பிள்ளையா! அதான் இந்த உபசாரம்!”

ஒலிம்பியா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“முதல் புருஷன் எலிஹியோவும் கரும்பு வெட்டினவர்தான். அப்பவும் வீட்ல நல்ல சோபா இருந்துச்சு, உறையோட. கரியோட கிட்ட வந்தா விரட்டுவேன். சாகுறவரைக்கும் வாசப்படியிலதான் உக்காந்தார். அந்த மனுஷனுக்கு ஒரு சாயங்காலமாவது சாஞ்சு உக்கார இடம் குடுத்திருக்கணும். அது இன்னும் பாக்கி.”