யாரும் திருத்தலாம்

“நாலு வருசமா எழுதின சோர்ஸ் கோடு. கேக்கிறவனுக்கெல்லாம் சும்மா தூக்கிக் குடுக்கப் போறீகளா?” என்று கேட்டாள் ஹாஜரா.

“ஆமா” என்றார் அவள் கணவர் பக்கீர் முகமது, பிளாப்பி டிஸ்க்கில் அதை நகல் எடுத்துக்கொண்டே.

ராஜபாளையத்தில் அவர்களுடையது சின்ன கம்ப்யூட்டர் சென்டர். மில்லோ, ஜவுளிக்கடையோ, யாருக்கு ப்ரோக்ராம் எழுதினாலும் அஸ்திவாரமாகப் போடுகிற ஒரு கோடுத் தொகுப்பை பக்கீர் எழுதி வைத்திருந்தார். தொழில் அதை நம்பித்தான் ஓடியது.

“எடுக்கட்டும், மாத்தட்டும், விக்கட்டும். ஒரே கண்டிசன். மாத்தினா, அந்தக் கோடையும் எல்லாருக்கும் குடுத்துரணும்.”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்குமா?”

“மொத பிளாப்பியே அங்கதான் போகுது.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது ஆவுடையப்பன். இதே சென்டரில் கூட்டாளியாக இருந்து, சண்டை போட்டுப் பிரிந்து, அங்கே தனிக்கடை போட்டவர். பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

“நம்ம மில் பார்ட்டிய அவரு கொத்திட்டுப் போயிருவாரு. பொறவு சென்டர இழுத்து மூட வேண்டியதுதான்” என்றாள் ஹாஜரா.

பக்கீர் அடுத்த பிளாப்பியைச் செருகினார்.

இரண்டு வாரம் கழித்து ஆவுடையப்பன் விறுவிறுவென்று சென்டருக்குள் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“ஏலே, ரெண்டு பேரு ஒரே நேரத்துல என்ட்ரி போட்டா மெஷின் அப்படியே நின்னுருது. இதத்தான் ஊருக்கே தானம் பண்ணினியாக்கும்?” ஒரு பிளாப்பியை மேசையில் போட்டார். “திருத்தியிருக்கேன். கண்டிசன்னு எழுதியிருக்கியே, அதுக்காகத் தாரேன். உனக்காக இல்ல.”

“சரி” என்றார் பக்கீர்.

ஆவுடையப்பன் தலை மறைந்ததும் ஹாஜரா பொரிந்தாள். “இப்படி ஏச்சு வாங்கத்தான் சும்மா குடுத்தீகளா?”

பக்கீர் அந்தப் பிளாப்பியைப் போட்டு, இரண்டு மெஷின்களிலும் ஒரே நேரத்தில் என்ட்ரி தட்டிப் பார்த்தார். இரண்டும் ஓடின. அப்போதுதான் நிமிர்ந்தார்.

“மாசக் கடைசிக்குள்ள இது சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்னு மில்லுல சொல்லிட்டாக. நானும் முட்டி மோதிப் பாத்தேன், ஏலல. இந்தச் சுத்துவட்டாரத்துல அவன் ஒருத்தனாலதான் முடியும். உதவிக்குக் கூப்பிட்டா வருவானா? குத்தம் சொல்லணும்னா ஓடி வருவான்ல.”